பெண் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று கேட்ட காலத்தில் தமிழ்ப் பெண்களை டீச்சர் ஆக்கியவர்: யார் இந்த பாதிரியார் துப்புயி?

சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில் திண்டிவனம் தாண்டினால் விக்கிரவாண்டி டோல்கேட். அதைத் தாண்டினால் விழுப்புரம். இந்த வழியிலும் இதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். ஒரு மாதா கோயில், பக்கத்தில் சாமியார் பங்களா, கொஞ்சம் தள்ளி சிஸ்டர்கள் தங்கும் மடம், அதை ஒட்டி ஒரு பெண்கள் பள்ளி. நான்கும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கும்.

பார்த்துப் பழகிவிட்டதால் இது எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று தோன்றும். ஆனால் சுமார் 180 ஆண்டுகளுக்கு முன்பு கோயில் இருந்த ஊரிலும் பெண்கள் பள்ளி இல்லை. அதில் பாடம் சொல்லித்தர தமிழ்ப் பெண்களும் இல்லை. கோயிலுக்குப் பக்கத்தில் பெண்கள் பள்ளியும் வர வேண்டும், அதில் இந்த மண்ணின் பெண்களே டீச்சராக இருக்க வேண்டும் என்று இந்தப் பகுதியில் வேலை தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார். பெயர் லூயி சவினியன் துப்புயி.

யார் இவர்? என்ன செய்தார்? எதைச் செய்யாமல் விட்டார்? விரிவாகப் பார்க்கலாம்.

பிரான்ஸ் டூ புதுச்சேரி

1806-ம் ஆண்டு ஆகஸ்ட் 23-ம் தேதி பிரான்ஸின் சான்ஸ் நகரில் பிறந்தார் துப்புயி. பாரிஸுக்குத் தென்கிழக்கே உள்ள பழைய கதீட்ரல் நகரம் அது. அந்த நகரத்தின் முதல் ஆயராகப் போற்றப்படும் புனிதரின் பெயர் சவினியன். அந்தப் பெயரைத்தான் இவருக்கும் வைத்தார்கள்.

நெப்போலியன் ஆட்சியில் பிறந்து, அவர் வீழ்ந்த பிறகு வளர்ந்த தலைமுறை இது. பிரெஞ்சுப் புரட்சியில் மூடப்பட்ட கோயில்களும் மடங்களும் மறுபடி திறந்துகொண்டிருந்தன. வெளிநாட்டு மிஷன்களுக்குப் போக இளைஞர்கள் கிளம்பினார்கள். அப்படி ஆட்களை அனுப்பிய முக்கியமான அமைப்பு, 17-ம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட பாரிஸ் அந்நிய வேதபோதக சபை. குருவான பிறகு துப்புயி இதில்தான் சேர்ந்தார்.

இந்தச் சபைக்கும் புதுச்சேரிக்கும் என்ன தொடர்பு? 1773-ல் போப் ஆண்டவர் இயேசு சபையைக் கலைத்தார். அதுவரை புதுச்சேரி மிஷனை நடத்தியவர்கள் இயேசு சபையினர். அந்தப் பொறுப்பு 1776-ல் பாரிஸ் சபையிடம் வந்தது. ஊர்களோ நிறைய, குருக்களோ மிகக் குறைவு. அந்தப் பற்றாக்குறைக்குள்தான் 1832-ல் 26 வயது துப்புயி வந்து இறங்கினார்.

அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. அது திறந்தது 1869-ல். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் கப்பலில் வர வேண்டும். வந்தவர் 42 ஆண்டுகள் கழித்து இந்த மண்ணிலேயே இறந்தார்.

அப்போது நிலைமை எப்படி இருந்தது?

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி. எல்லை தாண்டினால் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த தென்னாற்காடு ஜில்லா. இன்றைய திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆட்சிதான் இரண்டு. மக்கள் பேசிய மொழி, போன சந்தை, கும்பிட்ட கோயில், பெண் கொடுத்து எடுத்த உறவு எல்லாம் எல்லைக்கு இரண்டு பக்கமும் கலந்தே இருந்தன. கத்தோலிக்க மிஷனும் அந்த எல்லையைப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் என்றால் திண்ணைப் பள்ளி. படித்தவர்கள் பெரும்பாலும் ஆண் பிள்ளைகள், அதிலும் குறிப்பிட்ட சாதியினர். பெண் பிள்ளைகளைப் படிக்க வைப்பதில்லை. காரணம் வறுமை மட்டுமல்ல. அந்தக் காலத்தில் எழுதப் படிக்கவும், பாடவும், ஆடவும் கற்ற பெண்கள் என்றால் சமூகத்தின் கண்ணுக்குத் தேவதாசிகள்தான் தெரிந்தார்கள். அதனால் குடும்பப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்ற எண்ணம் ஆழமாக ஊறியிருந்தது. இளவயதுக் கல்யாணமும் சகஜம். பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் புகுந்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இதில் கிறிஸ்தவக் குடும்பங்கள் விதிவிலக்கா? இல்லை. மதம் மாறியிருந்தார்கள், வழக்கம் மாறவில்லை.

கன்னியர்களே இல்லையா என்றால், இருந்தார்கள். க்ளூனி சூசையப்பர் சபைச் சகோதரிகள் 1827-லேயே பிரான்ஸிலிருந்து புதுச்சேரிக்கு வந்துவிட்டார்கள். ஆனால் கிராமத்துத் தமிழ் வீடுகளுக்குள் போய், அம்மாக்களிடம் தமிழில் பேசி, பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்ல வெளிநாட்டுச் சகோதரிகளால் எளிதில் முடியாது. ஆண் வாத்தியாரிடம் பெண் பிள்ளையை அனுப்ப எந்த வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள். அப்போ யார்தான் கற்றுக்கொடுப்பது?

திருப்புமுனையான 1844

இந்தக் கேள்விக்குப் பதில் தேட வைத்தது புதுச்சேரியில் நடந்த ஒரு கூட்டம். அப்போது மிஷனின் தலைவராக இருந்தவர் ஆயர் க்ளெமான் பொனான். 1844 ஜனவரி 18-ம் தேதி அவர் தன் குருக்களை ஒரு சினாடுக்குக் கூட்டினார். சினாடு என்றால் ஆயரும் குருக்களும் உட்கார்ந்து திருச்சபையின் போக்கை முடிவு செய்யும் பேரவை. பிப்ரவரி 13 வரை அது நடந்தது.

அதன் சாரத்தை இரண்டு விஷயமாகச் சொல்லலாம். ஒன்று, எத்தனை காலம்தான் ஐரோப்பாவிலிருந்து குருக்களை இறக்குமதி செய்வது? இந்த மண்ணின் மைந்தர்களைக் குருக்களாக்க வேண்டும். இரண்டு, அதற்குப் பள்ளிகள் வேண்டும். ஆண்களுக்கு மட்டுமல்ல, பெண்களுக்கும் வேண்டும். புதுச்சேரியில் இன்றும் இயங்கும் பெத்தி செமினார் பள்ளி தன் தொடக்கமாகச் சொல்வது இதே 1844-ம் ஆண்டைத்தான்.

தீர்மானம் போடுவது சுலபம். செய்து காட்ட ஆள் வேண்டும். பெண்கள் கல்வி என்ற பகுதியைத் தோளில் போட்டுக்கொண்டவர் துப்புயி. அப்போது அவருக்கு வயது 37.

அக்டோபர் 16

சினாடு முடிந்த அதே ஆண்டில், 1844 அக்டோபர் 16-ம் தேதி, புதுச்சேரியில் தமிழ்ப் பெண்களைக் கொண்டு ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார் துப்புயி. மரியாவின் மாசற்ற இருதயத்தின் பெயரைத் தாங்கிய அந்தச் சபை பின்னர் பிரான்சிஸ்கன் குடும்பத்தோடு இணைந்தது. இன்று எஃப்.ஐ.எச்.எம். சிஸ்டர்கள் என்று அழைக்கப்படுபவர்கள் இவர்கள்தான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், சபையின் நோக்கம். ஜெபம் மட்டும் அல்ல, பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவதுதான் முதல் வேலை. அதாவது துப்புயி தொடங்கியதை ஒரு மடம் என்று மட்டும் சொல்ல முடியாது. டீச்சர்களை உருவாக்கும் ஏற்பாடாகவும் அது இருந்தது. ஆண் வாத்தியாரிடம் அனுப்ப மாட்டோம் என்ற வீடுகளுக்கு, தமிழ் பேசும் பெண்ணே வாத்தியார் என்று பதில் சொன்னார்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல், மடத்தில் சேர்ந்து, ஊர் ஊராகப் போய்ப் பள்ளி நடத்தும் பெண் என்பது அன்று ரொம்பப் புதிய விஷயம். பெற்றோருக்கு அது எவ்வளவு பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அதிர்ச்சியைத் தாங்கி வந்த முதல் பெண்கள் இல்லையென்றால் துப்புயியின் திட்டம் வெறும் காகிதத்தோடு நின்றிருக்கும்.

இது முதல் பெண்கள் பள்ளியா?

சமூக வலைதளங்களில் இப்படிப்பட்ட தகவல்களைச் சுலபமாகப் பரப்பிவிடுவார்கள். தமிழ்நாட்டின் முதல் பெண்கள் பள்ளி இது கிடையாது. தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனின் லுத்தரன் பாதிரிமார்கள் 1700-களின் தொடக்கத்திலேயே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலும் புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் முன்பே தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் காலத்தை வைத்துப் பார்த்தால் துப்புயியின் முயற்சி சின்னது அல்ல. சாவித்திரிபாய் பூலேவும் ஜோதிராவ் பூலேவும் புனேயில் பெண்கள் பள்ளி தொடங்கியது 1848-ல். கல்கத்தாவில் பெத்யூன் பள்ளி தொடங்கியது 1849-ல். தமிழில் பெண் கல்விக்காக எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பெண்மதி மாலை வந்தது 1869-ல். முத்துலட்சுமி ரெட்டி பிறந்ததே 1886-ல்தான். பெண் கல்வி என்ற பேச்சு நாட்டில் சூடு பிடிப்பதற்கு முன்பே, தமிழ்ப் பெண்களையே ஆசிரியர்களாக வைத்து அதை நடத்த ஒரு நிரந்தர ஏற்பாடு செய்தார் என்பதுதான் அவருக்குரிய இடம்.

அச்சுக்கூடம் வைத்த பாதிரியார்

பள்ளி வேண்டும் என்றால் புத்தகம் வேண்டும். புத்தகம் வேண்டும் என்றால் அச்சுக்கூடம் வேண்டும். இங்கே ஒரு பழைய கதை இருக்கிறது. 1761-ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரத்தை மெட்ராஸுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது வேப்பேரியில் புராட்டஸ்டன்ட் மிஷனரிகளின் கைக்குப் போனது. புதுச்சேரி இழந்த இயந்திரம் வேப்பேரியில் தமிழ்ப் புத்தகம் அச்சடித்தது.

1840-களில் புதுச்சேரி மிஷன் அச்சுக்கூடம் சுறுசுறுப்பானபோது அதன் மூளையாக இருந்தவர் துப்புயி. ஜெபப் புத்தகங்களோடு வேலை முடியவில்லை. சக பாதிரியார் மூசேயுடன் சேர்ந்து அகராதிகளைத் தொகுத்தார். 1846-ல் லத்தீன், பிரெஞ்சு, தமிழ் மூன்றும் சேர்ந்த அகராதி வந்தது. பிறகு வந்த தமிழ்–பிரெஞ்சு அகராதி இரண்டு பெரிய தொகுதிகள். முதலாவது 1855-லும் இரண்டாவது 1862-லும் வெளியாயின. முகப்பில் தொகுத்தவர்களின் பெயர் போடாமல், இரண்டு மிஷனரிகள் என்று குறிப்பிடும் வழக்கத்தையே பின்பற்றினார்கள். அந்த அகராதியை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

தமிழ் இலக்கியத்துக்கும் இந்த அச்சுக்கூடம் ஒரு பெரிய உதவி செய்தது. வீரமாமுனிவரின் தேம்பாவணி 3,615 பாடல்கள் கொண்ட காப்பியம். 1726-ல் எழுதி முடித்தது, நூறாண்டுக்கு மேல் ஓலையிலும் கையெழுத்துப் பிரதியிலும் மட்டுமே இருந்தது. 1851 முதல் 1853 வரை மூன்று பாகங்களாக அது புதுச்சேரி மிஷன் அச்சுக்கூடத்தில் அச்சானது. பள்ளிக்கூடத்தில் வீரமாமுனிவரைப் படித்தவர்கள் இந்த அச்சுக்கூடத்துக்கும் ஒரு நன்றி சொல்லலாம்.

அவர் தீர்க்காத பிரச்சினை

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். அந்த ஒன்று, சாதி.

புதுச்சேரி சம்பா கோவிலில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைக்க ஒரு தடுப்புச் சுவர் இருந்ததையும், அதை எதிர்த்து 1745-ல் எழுந்த தகராறையும் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். துப்புயி இந்தியா வந்த மறு ஆண்டு, 1833-ல், ஆங்கிலிகன் ஆயர் டேனியல் வில்சன் தன் சபைகளில் சாதிப் பாகுபாட்டைக் கைவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். கத்தோலிக்க மிஷன் அந்த வழியில் போகவில்லை. சாதி ஒரு சமூக வழக்கம், அதோடு மோதினால் மக்களை இழந்துவிடுவோம் என்று அனுசரித்துப் போனது. துப்புயியும் அந்த மிஷனுக்குள் வேலை செய்தவர்தான். 1844 சினாடும் சாதியை ஒழிக்கவில்லை.

அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. 2008 மார்ச்சில், அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதைத் தொடர்ந்து மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் இறந்தார்கள். அழகான கோபுரங்களைப் பாரம்பரியம் என்று கொண்டாடும்போது, அந்தக் கோபுரத்தின் கீழே யார் எங்கே நிற்க வேண்டியிருந்தது என்பதும் அதே பாரம்பரியத்தின் பகுதிதான்.

பெண் பிள்ளைகளின் பள்ளியில் இந்தச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இடிந்தது. பல சாதிப் பிள்ளைகளும் பல மதப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரும் இன்றைய காட்சி ஒரே நாளில் வந்தது இல்லை.

காம்பவுண்ட் எப்படி வளர்ந்தது?

துப்புயியின் காலத்திலும் அதற்குப் பிறகும் சிஸ்டர்களின் பள்ளிகள் புதுச்சேரியைத் தாண்டிப் பரவின. அவர் காலத்தில் ரயில் கிடையாது. விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை திறந்தது 1879 டிசம்பரில், அவர் இறந்து 5 ஆண்டுகளுக்குப் பிறகு. அதற்கு முன்பு சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தையும் மாட்டு வண்டியில்தான் கடக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், 1854-ல் வந்த உட்ஸ் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் வழியைத் திறந்தது. இன்று நாம் அரசு உதவி பெறும் பள்ளி என்று சொல்வதன் வேர் அங்கேதான் இருக்கிறது. மானியம் வந்ததும் கூரைப் பள்ளிகளுக்குச் சுவர் எழும்ப வழி பிறந்தது. கோயில், பங்களா, மடம், பள்ளி, கிணறு, கல்லறைத் தோட்டம் என்று காம்பவுண்டுகள் வளர்ந்தன.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இன்று கான்வென்ட் என்றால் இங்கிலீஷ் மீடியம் என்று அர்த்தமாகிவிட்டது. ஆனால் அந்தச் சொல்லுக்குக் கன்னியர் மடம் என்றுதான் பொருள். துப்புயி தமிழ்ப் பெண்களைத் தேடியதே தமிழில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

கடைசி நாட்கள்

துப்புயியின் கூடவே உழைத்த ஆயர் பொனான் 1861-ல் இந்தியா முழுவதும் உள்ள மிஷன்களைப் பார்வையிடும் பயணத்தில் காசியில் காலராவுக்குப் பலியானார். துப்புயி வேலையைத் தொடர்ந்தார். 1863-ல் பிரெஞ்சில் தமிழ் இலக்கண நூல் ஒன்றை வெளியிட்டார். 1874 ஜூன் 4-ம் தேதி, 67-வது வயதில் மறைந்தார்.

கத்தோலிக்கத் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான நடைமுறையைத் தொடங்கியிருக்கிறது. இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், அருளாளர், புனிதர் என்று அது படிப்படியாகப் போகும் நீண்ட பாதை. கன்னியாகுமரியின் தேவசகாயம் இந்தப் படிகளைக் கடந்து 2022 மே 15-ம் தேதி புனிதராக அறிவிக்கப்பட்டது நினைவிருக்கலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

பழைய காம்பவுண்டுகளுக்கு இப்போது இரண்டு பக்கமும் நெருக்கடி. சுண்ணாம்புக் காரை, செங்கல், மரச்சட்டம் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரைகள் மழையில் ஊறினால் ஒரு நாள் அப்படியே உட்கார்ந்துவிடும். 2014 நவம்பரில் பெய்த மழையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருந்த பழைய மேரி கட்டடம் சரிந்து விழுந்ததை மறக்க முடியாது. அதைப் பிறகு பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

மறுபக்கம், பிள்ளைகள் உட்காரும் வகுப்பறை பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதில் எந்தச் சமரசமும் கூடாது. அதனால் பழசை இடித்துவிட்டு கான்க்ரீட் போடுவது சுலபமான வழியாகத் தெரிகிறது. ஆனால் சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, சுவர் இன்னும் சீக்கிரம் கெடும். பழைய கட்டடத்தைச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை வைத்து, பொறியாளர் சோதனையோடு சரிசெய்வது நடக்கக்கூடிய காரியம்தான். தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லேயே நிறைவேறிவிட்டது. ஆனால் சின்ன ஊர்களின் கோயில், பள்ளிக் கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காப்பாற்ற, சட்டத்தோடு ஊர்க்காரர்களின் அக்கறையும் வேண்டும்.

கட்டடம் மட்டுமல்ல. ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய குரூப் போட்டோ எல்லாமே வரலாறுதான். அரசர்களைப் பற்றிக் கல்வெட்டு இருக்கிறது. சாதாரணக் குடும்பத்துப் பெண் பிள்ளை முதன்முதலாக எழுதப் படிக்கப் போனதற்கு அந்தச் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள ஒரு வரிதான் சாட்சி. கரையான் அரிப்பதற்கு முன்பு அதை ஸ்கேன் செய்து வைக்க பெரிய செலவு ஆகாது.

அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது, சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் இப்படி ஒரு காம்பவுண்ட் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சைக்கிளும் புத்தகப் பையுமாக வெளியே வரும் பெண் பிள்ளைகளில் பலருக்குத் துப்புயி என்ற பெயரே தெரியாமல் இருக்கலாம். அந்தப் பிள்ளைகளின் பாட்டிக்குப் பாட்டி காலத்தில் படிப்பு என்பது நினைத்துக்கூடப் பார்க்க முடியாத ஒன்று. இன்று அது தினமும் மணி அடித்துத் தொடங்கி மணி அடித்து முடியும் சாதாரண விஷயம்.